டிராக்டர் முன்விளக்கு எரியவில்லையா?

சம்பா அறுவடையும் கரும்பு வெட்டும் ஒன்றாக நடைபெறும் தை, மாசி மாதங்களில் டிராக்டர்களுக்குப் பகல் பொழுது மட்டும் போதுவதில்லை. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரும், ஆலைக்குச் செல்லும் கரும்பு வண்டியும் இரவில்தான் பெரும்பாலும் சாலைக்கு வருகின்றன. அவற்றில் பல ஒற்றை விளக்குடன் வருகின்றன. சில விளக்கே இல்லாமல், ஓட்டுநர் கையில் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் வருகின்றன. எதிரே வரும் பேருந்து ஓட்டுநருக்கு ஒற்றை விளக்கு மோட்டார் சைக்கிளாகத் தோன்றும். அவர் அந்த அளவுக்கே இடம் விடுவார். டிராக்டரின் அகலம் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு விளக்கு இல்லாமல் பொதுச் சாலையில் வண்டி ஓட்டுவது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படியும் குற்றமாகும்.

பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய டிராக்டரில் முன்விளக்கு எரியாமல் போவது இயல்பு. ஆனால் பெரும்பாலான சமயங்களில் கெட்டிருப்பது விலை உயர்ந்த பாகம் அல்ல. துருப்பிடித்த ஒரு போல்ட், பச்சை பூத்த ஒரு இணைப்பு, எலி கடித்த ஒரு வயர் என்ற அளவிலேயே பழுது நின்றுவிடும். இதை அறியாமல் முதலில் பல்பு, அடுத்து சுவிட்சு, பிறகு பாட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைச் செலவழித்தும் விளக்கு எரியாத விவசாயிகள் பலர். பழுதைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைப்படி பார்த்தால் அரை மணி நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பார்த்து அறிய வேண்டியது

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பு, எது எரிகிறது, எது எரியவில்லை என்று கவனிக்க வேண்டும். சில டிராக்டர்களில் சாவியைத் திருப்பினால்தான் விளக்குச் சுவிட்சுக்கு மின்சாரம் வரும். ஆகையால் சாவியைப் போட்டு, விளக்குச் சுவிட்சை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, பிரைட், டிம் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஹாரனையும் ஒரு முறை அடித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு பக்கத்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பாட்டரியையும் சுவிட்சையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. மின்சாரம் அதுவரை ஒழுங்காக வந்து மறு விளக்கை எரிக்கிறது. பழுது அந்த ஒரு விளக்கின் பல்பிலோ, ஹோல்டரிலோ, எர்த்திலோ, அதற்கென்று பிரியும் வயரிலோ இருக்கிறது. சில வண்டிகளில் இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனிப் பியூஸ் உண்டு. அதையும் பார்க்க வேண்டும். இரண்டு விளக்கும் டிம்மில் எரிந்து பிரைட்டில் எரியவில்லை என்றால், அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால், டிம்-பிரைட் சுவிட்சோ அதிலிருந்து செல்லும் வயரோதான் காரணம். இரண்டு விளக்கும் எந்த நிலையிலும் எரியவில்லை, ஆனால் ஹாரன் அடிக்கிறது என்றால் பாட்டரியில் உயிர் இருக்கிறது. முன்விளக்குப் பியூஸிலோ, விளக்குச் சுவிட்சிலோ பழுது. ஹாரனும் அடிக்கவில்லை, டாஷ்போர்டு விளக்கும் எரியவில்லை என்றால் பாட்டரி முனையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு மின்சாரத்தைத் தடுக்கும். ஒரு கைப்பிடி ஆப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் அது நுரைத்துக் கரைந்துவிடும். அந்தக் கரைசல் பாட்டரியின் மூடிகள் வழியே உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாஸ்லைன் தடவலாம். பாட்டரி வயரைக் கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லையேல் ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றக் கூடியது. பீடி, தீக்குச்சி அருகில் கூடவே கூடாது. வாய்க்கால் நீர், போர் நீர் எதையும் பாட்டரிக்கு ஊற்றாமல் வடிநீரை மட்டுமே ஊற்ற வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே.

ஓய்வில் உள்ள 12 வோல்ட் பாட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் காட்டினால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ள வேண்டும்.

பியூஸும் கம்பியும்

பழைய வண்டிகளில் கண்ணாடிப் பியூஸோ, பீங்கான் மேல் ஈயப்பட்டை போர்த்திய பியூஸோ இருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பியூஸ்கூட இரண்டு முனைகளிலும் துருப்பிடித்து மின்சாரத்தை விடாமல் இருக்கலாம். பியூஸைக் கழற்றி முனைகளையும், அது உட்காரும் பித்தளைக் கவ்விகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் போட்டதுமே பல வண்டிகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

பியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதியதை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். மறுபடியும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உராய்ந்து ஷார்ட் ஆகிறது என்று பொருள். இந்த இடத்தில்தான் ஆபத்தான ஒரு பழக்கம் கிராமங்களில் பரவியிருக்கிறது. பியூஸின் மேல் செம்புக் கம்பியையோ, சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளையோ சுற்றி மாட்டிவிடுகிறார்கள். பியூஸ் எரிவது பழுது அல்ல. பழுதை அறிவிக்கும் மணி. அந்த மணியைக் கட்டிப்போட்டால் அடுத்து எரிவது வயர். வயர் செல்லும் வழியில் டீசல் குழாய் இருக்கிறது. பின்னால் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் இருக்கிறது. எந்த அவசரத்திலும் இதைச் செய்யக் கூடாது.

சோதனை விளக்கு

வயரில் மின்சாரம் எதுவரை வருகிறது என்று அறிய எல்லோராலும் செய்யக்கூடிய ஒரு கருவி சோதனை விளக்கு. பழைய இண்டிகேட்டரிலிருந்து 21 வாட் பல்பு ஒன்றையும் அதன் ஹோல்டரையும் எடுத்து, இரண்டு முழ நீளத்தில் இரண்டு வயர்களைப் பற்றவைக்க வேண்டும். ஒரு வயரின் முனையில் முதலைக் கிளிப்பையும், மற்றதில் கூரான ஆணியையும் பொருத்தினால் கருவி தயார். சிலர் டாஷ்போர்டு விளக்கின் சிறு பல்பை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது ஏமாற்றும். ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர்கூடச் சிறு பல்பை எரித்துவிடும், முன்விளக்கை எரிக்காது. 21 வாட் பல்பு நல்ல அளவு மின்சாரத்தை இழுப்பதால் உண்மையைச் சொல்லும்.

முதலில் முன்விளக்கின் பல்பைக் கழற்றி அதன் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பல்பில் பிரைட்டுக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை உண்டு. ஒன்று அறுந்து மற்றது நன்றாக இருக்கலாம். ஐயம் இருந்தால் பாட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு வயர் கொடுத்துப் பார்க்கலாம். பல்பு நன்றாக இருந்தால் விளக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு, சோதனை விளக்கின் கிளிப்பைப் பாட்டரியின் எர்த் முனையில் மாட்டி, ஆணியை ஹோல்டரின் பிரைட் முனையிலும் டிம் முனையிலும், சுவிட்சை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்க வேண்டும். கிளிப் எட்டவில்லை என்றால் எஞ்சினின் துருவில்லாத பாகத்தில் மாட்டலாம்.

ஹோல்டரில் சோதனை விளக்கு எரிந்தால் மின்சாரம் வந்துவிட்டது, குறை எர்த்தில். எரியாவிட்டால் பின்னோக்கிச் செல்ல வேண்டும். டிம்-பிரைட் சுவிட்சிலிருந்து வெளிவரும் முனை, அதற்குள் போகும் முனை, விளக்குச் சுவிட்சு, பியூஸின் இரு பக்கங்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் எரியும். எரிந்த இடத்துக்கும் அதற்கு முன் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் பழுது. ஒரு சுவிட்சின் ஒரு பக்கம் எரிந்து, சுவிட்சைப் போட்ட பிறகும் மறுபக்கம் எரியவில்லை என்றால் அந்தச் சுவிட்சைத் தாராளமாக மாற்றலாம். அதற்கு முன் மாற்ற வேண்டாம்.

எர்த்: பலர் மறக்கும் பாதை

வீட்டு மின்விளக்குக்கு இரண்டு வயர் வருவதுபோல் டிராக்டர் விளக்குக்கு வருவதில்லை. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து வயர் வழியாக வரும் மின்சாரம், மறு முனைக்கு வண்டியின் இரும்புப் பாடி வழியாகவே திரும்புகிறது. விளக்குக்கூடு, அதைத் தாங்கும் கிளாம்ப், மட்கார்டு, சேசிஸ், பாட்டரியின் எர்த் வயர் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரு வயர். இதில் எந்தப் போல்ட் துருப்பிடித்தாலும் விளக்கு அணையும் அல்லது மங்கும்.

டிராக்டருக்குப் புதுப் பெயிண்ட் அடித்த பிறகு விளக்கு எரியவில்லை என்று வரும் குறைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் பெயிண்ட் அடித்த கிளாம்ப்பை வைத்து முடுக்கினால் நடுவில் மின்சாரம் செல்ல வழியில்லை. போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு காசு அகலத்துக்குப் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தெரிந்ததும் முடுக்கி, வெளிப்புறத்தில் கிரீஸ் தடவ வேண்டும்.

எர்த் குறையைக் கண்டுபிடிப்பது மிக எளிது. ஒரு தடித்த வயரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை ஹோல்டரின் எர்த் முனையிலும் வைத்துப் பிடிக்க வேண்டும். உடனே விளக்கு எரிந்தாலோ, மங்கல் நீங்கிப் பிரகாசித்தாலோ சந்தேகமே இல்லை. டிம் போட்டால் டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு மினுக்குவது, ஒரு விளக்கு மட்டும் செந்நிறமாக எரிவது போன்ற விநோதங்களும் எர்த் குறையின் அடையாளங்களே. திரும்பிச் செல்ல நேர்வழி இல்லாத மின்சாரம் மற்றொரு இழைக்குள் புகுந்து சுற்றி வருகிறது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் ஒன்றைச் சேசிஸ் வரை இழுத்து முடுக்கிவிட்டால் இந்தத் தொல்லை பல ஆண்டுகளுக்கு இராது. செலவு இரண்டு கஜம் வயர்தான்.

எரிகிறது, ஆனால் வெளிச்சம் இல்லை

இது முழுதாக அணைந்த விளக்கைவிட மோசமானது. எரிகிறது என்ற தைரியத்தில் வண்டியை எடுத்துவிடுகிறோம். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே ஆங்காங்கே உள்ள சிறு சிறு துருக்கள் சேர்ந்து ஒரு வோல்ட்டைத் தின்றாலே சாலைப் பள்ளம் தெரியாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு எரியும்போதே அதன் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிடிவிலும், மறு முனையை ஹோல்டரில் எரியும் இழையின் முனையிலும் வைத்துப் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. அப்போது வயர் இணைப்புகளைக் கையால் தொட்டுப் பார்த்தால் கெட்ட இணைப்பு சூடாக இருக்கும்.

கிளம்பும்போது பிரகாசமாக இருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் மங்கிப்போகும் விளக்குக்குக் காரணம் வேறு. இரண்டு 45 வாட் பல்புகள் 7.5 ஆம்பியர் இழுக்கும். பின்விளக்கு, ஏரைப் பார்க்கும் விளக்கு எல்லாம் சேர்ந்தால் 12 ஆம்பியர் வரை போகும். டைனமோவோ ஆல்டர்னேட்டரோ சார்ஜ் கொடுக்கவில்லை என்றால் 80 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதி மூன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் முதலில் பெல்ட் தொய்வைப் பார்த்து, அது சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுசெல்ல வேண்டும். டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கட்-அவுட் பெட்டி கெட்டிருக்கலாம். இவற்றை வீட்டில் பிரிக்க வேண்டாம். டைனமோ உள்ள பழைய வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு சற்று மங்குவது குறையல்ல, அதன் இயல்பு.

15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. மாதம் ஒரு பல்பு எரிந்துபோகும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாட்டரி செத்துவிட்டது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, மேட்டில் நிறுத்தித் தள்ளிவிட்டுக் கிளப்பி ஓட்டுபவர்களும் உண்டு. பாட்டரி இல்லாமல் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் கட்டுக்கடங்காது ஏறி இறங்கும். பல்புகளும் போகும், ஆல்டர்னேட்டரும் போகும். பாட்டரியில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடுகிறது.

எலியும் சேறும் உரமும்

வண்டிக் கொட்டகையில் வைக்கோலும் சிந்திய நெல்லும் இருந்தால் எலி வரும். பானெட்டுக்குள் இளஞ்சூட்டில் கூடு கட்டி வயரைக் கடிக்கும். அறுந்த இடம் வெளியே தெரிவதில்லை. வயர்க்கட்டின் அடிப்பக்கமாகவே பெரும்பாலும் கடித்திருக்கும். கடிபட்ட வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் முதல் மழையில் பச்சை பூத்துவிடும். முறுக்கி ஈயம் பற்றவைத்து டேப் சுற்றி, அந்தப் பகுதியைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்த வேண்டும்.

கேஜ் வீல் போட்டுத் தொழி உழும்போது சேற்று நீர் விளக்குக்கூடு வரை தெறிக்கும். போதாததற்கு மாலையில் மோட்டார் நீரைப் பீய்ச்சி வண்டியைக் கழுவுகிறோம். விளக்குக்கூட்டின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் நீர் உள்ளே தங்கி ரிஃப்ளெக்டர் கறுத்துவிடும். கறுத்த ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைத்தால் மிச்சமுள்ள பளபளப்பும் போய்விடும். மாற்றுவது ஒன்றே வழி. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளிலும், யூரியா மூட்டைகளை அடிக்கடி ஏற்றும் வண்டிகளிலும் செம்பு விரைவில் அரிக்கப்படும். அங்கெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லா இணைப்புகளையும் பிரித்துத் துடைத்து வாஸ்லைன் பூசுதல் நலம்.

வயர் மாற்றும்போது வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் ஒற்றைக் கம்பி வயரை இழுத்துவிடக் கூடாது. டிராக்டரின் அதிர்வில் அது ஒடிந்துவிடும். பல இழை கொண்ட வண்டி வயரையே வாங்க வேண்டும். சுவிட்சு வரை 2.5 சதுர மில்லிமீட்டரும், ஒவ்வொரு விளக்குக்கும் 1.5 சதுர மில்லிமீட்டரும் போதும்.

ஷார்ட் எங்கே என்று தேடுவதற்கும் அதே சோதனை விளக்குதான். இரண்டு முன்விளக்குப் பல்புகளையும், அந்தப் பியூஸில் வேறு விளக்குகள் இருந்தால் அவற்றின் பல்புகளையும் கழற்றிவிட்டு, எரிந்த பியூஸின் இரு கவ்விகளுக்கும் நடுவே சோதனை விளக்கை இணைத்துச் சுவிட்சைப் போட வேண்டும். பல்புகளே இல்லாதபோதும் அது எரிந்தால் மின்சாரம் தவறான வழியில் பாடிக்குப் போகிறது. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, வயரை ஆட்டிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் அது அணைகிறதோ அங்கே ஷார்ட்.

அதிக வாட் பல்பு தேவையா?

வெளிச்சம் போதவில்லை என்றதும் 100 வாட் ஹாலஜன் பல்பை மாட்டச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு பல்புகள் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய சுவிட்சும் வயரும் பாதி மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டவை. ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண்ணும் கூசும். உள்ள வயரிங்கைச் சீர்செய்து 12 வோல்ட்டும் முழுமையாகப் பல்புக்குச் சென்றடையும்படி செய்தாலே பழைய பல்பு எவ்வளவு வெளிச்சம் தரும் என்பது அப்போது தெரியும். 60/55 வாட் ஹாலஜன் போட விரும்புவோர் இரண்டு ரிலே வைத்துக்கொள்வது சிறந்தது. ரிலேயின் 30 என்ற முனைக்குப் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயர், 87-லிருந்து விளக்குக்கு, 85-க்கு எர்த், 86-க்குப் பழைய விளக்கு வயர். சுவிட்சின் வழியாகச் சிறு மின்சாரம் மட்டுமே போவதால் அது நெடுநாள் உழைக்கும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டுப் பல்பு விரைவில் போகும்.

இப்போது மலிவாகக் கிடைக்கும் எல்.இ.டி. பல்புகள் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் இழை பல்புக்கென்று வடிக்கப்பட்ட பழைய ரிஃப்ளெக்டரில் அவற்றின் ஒளி சிதறி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், தரையில் விழாது. மேலும் பாசிடிவ் முனையைப் பாடியில் எர்த் செய்திருக்கும் மிகப் பழைய இங்கிலாந்து வண்டிகளில் அவை எரியாமலே போகலாம்.

விளக்கு சரியானதும் சமதரையில் சுவருக்கு 25 அடி தூரத்தில் வண்டியை நிறுத்தி, டிம் ஒளி விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழுமாறு திருப்பி முடுக்க வேண்டும். டிரெய்லரில் பாரம் ஏற்றினால் டிராக்டரின் மூக்கு தூக்கும். ஆகையால் பாரத்துடன் ஒரு முறை பார்ப்பது நல்லது.

டிரெய்லரின் பின்விளக்கும் இதே எர்த் தொல்லையால்தான் பெரும்பாலும் எரிவதில்லை. டிரெய்லருக்கும் டிராக்டருக்கும் உள்ள ஒரே இரும்புத் தொடர்பு கொக்கியும் முளையும். அதில் கிரீஸும் சேறும் அப்பியிருக்கும். பிளக்கில் எர்த்துக்கென்று தனி வயர் ஒன்றை டிரெய்லர் சட்டம் வரை இழுத்து முடுக்கிவிட வேண்டும். அதோடு பின்பலகையின் இரு ஓரங்களிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர்களை ஒட்ட வேண்டும். கரும்புத் தோகை தொங்கி அவற்றை மறைக்காமல் கட்டுவது கிளம்பும் முன் பார்க்க வேண்டிய கடைசி வேலை.